நதியா பார்க்காத முகம்

நதியாவின் முதல் குழந்தை ஒரு பகலும் ஓர் இரவும் உயிரோடு இருந்தது. அந்த நேரம் முழுக்க நதியாவும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள், இரண்டு மாடி கீழே. ஆனாலும் அவள் அதைப் பார்க்கவில்லை.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, நாற்பது வீடுகள் உள்ள ஊர் அவளுடையது. பத்தாவது வரை படித்தாள். இருபது வயதில் அதே ஊர் அர்ச்சுனனைக் கட்டிக்கொண்டாள். அர்ச்சுனனுக்கு இரண்டு ஏக்கர் நிலமும் ஏழு புளியமரமும் உண்டு. சாமை போடுவான், கேழ்வரகு போடுவான், மற்ற மாதங்களில் கட்டட வேலைக்குக் கீழே போவான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள்.

கல்யாணமான மறு வருஷம் நதியா முழுகாமல் இருந்தாள். அப்போதெல்லாம் ஸ்கேன் எடுக்கப் போளூருக்கோ அதற்கும் அப்பாலோ இறங்கவேண்டும். சாணி அள்ளுவதும் களை எடுப்பதுமாக எட்டு மாசம் ஓடிவிட்டது. ஒன்பதாவது மாசம் வலி எடுத்து, குழந்தை இறங்காமல் நின்றபோதுதான் ஆம்புலன்ஸில் கீழே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தையின் தலையில் நீர் கோத்துப் பெரிதாகியிருந்தது. மயக்க மருந்து கொடுத்து வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை. முதுகின் கீழ்ப்பாதியில் தோலும் எலும்பும் மூடாமல், உள்ளங்கை அகலத்துக்குத் திறந்து கிடந்தது. மூச்சும் சரியில்லை. மறுநாள் விடிந்து சற்று நேரத்தில் அது நின்றுபோனது.

நதியா மயக்கம் தெளிந்து, கூடவே காய்ச்சலும் வந்து, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தாள். குழந்தை எங்கே என்று கேட்டபோது மாமியார் முனியம்மா, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள், தலைவாரிவிட்டுக்கொண்டே, அது போய்விட்டது என்றும், அர்ச்சுனன் கொண்டுபோய் எல்லாம் முடித்துவிட்டான் என்றும் சொன்னாள். நதியா எழுந்து உட்கார்ந்து, எப்படி இருந்தது என்று கேட்டாள். முனியம்மா சீப்பை நிறுத்தவில்லை.

"பாக்காததே நல்லது. பாத்துக்கினா கண்ணுலயே நிக்கும். மறந்துடு."

முனியம்மாவைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. அவளுக்கே இரண்டு பிள்ளைகள் சின்னதிலேயே போயிருந்தன. அவளுக்கு யாரோ சொன்னதை அவள் மருமகளுக்குச் சொன்னாள்.

நாலாம் நாள் நதியாவுக்குப் பால் கட்டியது. குழந்தை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. மாரெல்லாம் கல்லாகி, சட்டை நனைந்தது. முனியம்மா ஆஸ்பத்திரி வாசலில் மல்லிகைப்பூ வாங்கி வந்து, மார்மேல் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்ற ஒரு வாரம் ஆயிற்று. பத்தாம் நாள் தையல் பிரித்த டாக்டரம்மா, காயம் அருமையாக மூடிவிட்டது என்று பக்கத்திலிருந்த மாணவிகளுக்கெல்லாம் காட்டினார்.

வீடு திரும்பியபோது, அவள் பழைய சேலையைக் கிழித்து மடித்துவைத்திருந்த துணிகள் இல்லை. ஏணைத் தொட்டில் கட்ட உத்தரத்தில் அர்ச்சுனன் மாட்டியிருந்த கயிறு இல்லை. எங்கே புதைத்தாய் என்று அவனிடம் கேட்டாள். காட்டுப்பக்கம் என்றான். எந்தக் காட்டுப்பக்கம் என்றாள். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அப்புறமும் நாலைந்து தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் முகம் கறுத்துப்போவதைப் பார்த்து, கேட்பதை விட்டுவிட்டாள்.

ஊர் வேறு விதமாகப் பேசியது. ஆடி மாசம் சூரிய கிரகணம் பிடித்த அன்றைக்கு அவள் அடுப்படியில் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கினாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அது உண்மைதான். நறுக்கினாள். அந்தக் கத்திதான் குழந்தையின் முதுகைக் கிழித்தது என்றார்கள். நதியா அதை நம்பினாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் அரிவாள்மணையில் உட்காரவே இல்லை. முனியம்மாதான் காய் நறுக்கினாள், ஏன் என்று கேட்காமல்.

அந்தப் பகுதிக்குப் புதிதாகக் கிராம சுகாதார நர்சாக வந்த கலைவாணிதான் அந்த நம்பிக்கையை உடைத்தாள். போளூர்க்காரி, ஸ்கூட்டியில் மலையேறி வருவாள். நதியாவின் கதையைக் கேட்டுவிட்டு, தின்பண்டம் வைத்திருந்த மந்தாரை இலையைக் காலி செய்து உள்ளங்கையில் விரித்துக் காட்டினாள். கரு உண்டான மூன்றாவது வாரம் குழந்தை இப்படித் தட்டையாக ஓர் இலை மாதிரி இருக்கும். நடுவில் பள்ளம் விழும். இரண்டு ஓரமும் எழும்பி வந்து ஒட்டிக் குழாய் ஆகும். மேலே மூளை, கீழே முதுகுத்தண்டு. சொல்லிக்கொண்டே இலையின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்தாள்.

"இருபத்தெட்டு நாளுக்குள்ள இது ரெண்டு முனையும் மூடிடணும் நதியா. அதுக்குள்ள மூடலன்னா அப்புறம் தானா மூடாது. வயித்துல ஒண்ணு இருக்குதுன்னு நீ நிச்சயம் பண்ணிக்கறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்ச விஷயம் இது. கிரகணம் வந்தப்ப உனக்கு ஆறு மாசம்."

நதியா அந்த இலையைத் தன் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு, ஏன் மூடாமல் போகிறது என்று கேட்டாள். ஃபோலிக் ஆசிட் என்று ஒரு சத்து, கரு உண்டாவதற்கு முன்பிருந்தே உடம்பில் போதிய அளவு இருக்கவேண்டும், அது குறைந்தால் ஆபத்து அதிகம் என்றாள் கலைவாணி. அப்படியானால் அந்த மாத்திரையைப் போட்டிருந்தால் என் குழந்தை பிழைத்திருக்குமா என்று நதியா கேட்டாள். இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது, உனக்கு அப்போது யாரும் கொடுக்கவும் இல்லையே என்றாள் கலைவாணி. நதியா அன்றைக்கு அழுதாள். கத்தி இல்லை என்று தெரிந்ததற்காகவா, மாத்திரை இருந்திருக்கிறது என்று தெரிந்ததற்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கலைவாணி டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்த அதிக அளவு மாத்திரையை நாலு மாசம் விழுங்கிவிட்டுத்தான் நதியா அடுத்ததற்குத் துணிந்தாள். தமிழ்மணி பிறந்தாள். மார்மேல் கொண்டுவந்து போட்ட குழந்தையின் முகத்தை நதியா முதலில் பார்க்கவில்லை. குப்புறத் திருப்பி, பிடரியிலிருந்து கீழே வரை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் முகம்.

தமிழ்மணிக்கு இரண்டு வயதானபோது ஆஷா பணியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நதியா சேர்ந்தாள். ஆறு ஊர்கள் அவள் பொறுப்பு. தடுப்பூசி, பிரசவம், எடை பார்ப்பது எல்லாம் செய்தாலும், அவள் மனசு முழுக்க ஒரே வேலையில் இருந்தது. யார் வீட்டில் புதிதாகப் பெண் வந்தாலும், தாலி ஏறி மாசம் முடிவதற்குள் மாத்திரைப் பட்டையோடு போய் நின்றுவிடுவாள். வயிற்றில் ஒன்றுமில்லாதபோது எதற்கு மாத்திரை, இது கருத்தடை மாத்திரையாகத்தான் இருக்கும் என்று மாமியார்கள் வாசலிலேயே நிறுத்தினார்கள். ஒரு வீட்டில் பட்டையைப் பிடுங்கிச் சாணிக்குழியில் எறிந்தார்கள்.

அந்த வீட்டில்தான் அவள் முதன்முதலாகத் தன் குழந்தையைப் பற்றி அந்நியர்களிடம் சொன்னாள். ஒரு பெண் பிறந்தது, முதுகு மூடவில்லை, ஒரு நாள் இருந்தது. மூன்றே வாக்கியம். முகம் எப்படி இருந்தது என்று அந்த வீட்டுப் பெண் கேட்டாள். தெரியாது என்றாள் நதியா. அவர்கள் வேறு பட்டை வாங்கிக்கொண்டார்கள்.

பத்து வருஷத்தில் அவள் ஊர்களில் அப்படி ஒரு குழந்தை பிறக்கவில்லை. மாத்திரை போட்டால் ஒன்றும் ஆகாது என்று அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள். கலைவாணி அப்படிச் சொல்லாதே என்று இரண்டு மூன்று முறை எச்சரித்தாள். நதியா தலையாட்டிவிட்டு மறுபடியும் அப்படியே சொன்னாள்.

போன வருஷம் கவியா வந்தாள். கீழே நூல் மில்லில் வேலை பார்த்த பெண், வயது இருபது. பழனியைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்கு வந்தாள். மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட்டாள். பட்டையில் தேதி எழுதிவைத்துக்கொண்டு போடுகிற பெண். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு நதியாவே கூடப் போனாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் கருவியைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குக் கொண்டுவந்ததைப் பார்த்ததும் நதியா கவியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தைக்கு மண்டை ஓடு மூடவில்லை. மேல்முனை திறந்தே நின்றுவிட்டது. இந்தக் குழந்தை பிறந்தாலும் பிழைக்காது என்று இன்னொரு ஆஸ்பத்திரியிலும் பார்த்து உறுதி சொன்னார்கள். கவியாவும் பழனியும் இரண்டு நாள் யோசித்து, பிரசவ வலி வரவைத்து எடுத்துவிடலாம் என்று சம்மதித்தார்கள்.

நதியா கலைவாணிக்கு போன் போட்டு, ஏன், ஏன் என்று மட்டும் கேட்டாள். இப்படி ஆகக்கூடிய பத்துக் குழந்தைகளில் ஆறேழை மாத்திரை காப்பாற்றும், மிச்சத்துக்கு ஏன் ஆகிறது என்று யாருக்கும் தெரியாது என்றாள் கலைவாணி. இதை முன்பே சொன்னேனே என்று அவள் சொல்லிக்காட்டவில்லை. நதியா ஆஸ்பத்திரி நடையில் சுவரில் சாய்ந்து நின்றாள். இத்தனை வருஷமாக வீடு வீடாகப் போய்த் தான் சொன்னது மலைக்கு மட்டும் இல்லை, தனக்கும்தான் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. மாத்திரை எல்லாவற்றையும் மூடிவிடும் என்று அவளும் நம்பியிருந்தாள்.

வலி வர மருந்து கொடுத்த மறுநாள் மதியம் கவியாவுக்குக் குழந்தை வெளியே வந்தது. உயிர் இல்லை. ஆண் குழந்தை, ஒரு கைப்பிடி. நர்சம்மா அதைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார். கவியாவின் மாமியார் குப்பம்மா உள்ளே வந்து, மருமகள் கண்ணில் காட்டவேண்டாம், பையன் கையில் கொடுத்துவிடுங்கள், அவன் ஆகவேண்டியதைப் பார்ப்பான் என்றாள். கவியா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

நதியா கேட்டாள். கட்டிலருகே குனிந்து, பார்க்கிறாயா என்று கேட்டாள். கவியா கண்ணைத் திறக்காமலே தலையை அசைத்தாள். ஆமாம் என்ற அசைப்புத்தான்.

"இன்னாமே பேசற நீ?" என்றாள் குப்பம்மா. "பாத்தா மனசுலயே நின்னுடும்."

"பாக்காட்டியும் நிக்குதுக்கா," என்றாள் நதியா. "எனக்குப் பதினஞ்சு வருசமா நிக்குது. எதுன்னு தெரியாமலே நிக்குது."

குப்பம்மா கட்டிலைவிட்டு ஒதுங்கி நின்றாள். தலைப்பக்கம் பார்த்தால் பயந்துவிடுவாளோ என்று நர்சம்மா தயங்கினார். ஒரு தொப்பி மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று நதியா கேட்டாள். நர்சம்மா மென்மையான கட்டுத்துணியை நாலாக மடித்து, குழந்தையின் புருவம் வரை இழுத்துச் சுற்றி, ஒரு பொட்டளவு பிளாஸ்திரி ஒட்டினார். அவர் அதைச் செய்த விதத்தில், இதற்கு முன்பும் யாருக்கோ செய்திருக்கிறார் என்று தெரிந்தது. புருவத்துக்குக் கீழே இருந்ததெல்லாம் முழுசாக, சரியாக இருந்தது. மூக்கு, உதடு, முகவாய், நகம் முளைக்கத் தொடங்கிய விரல்கள்.

கவியா அரைமணி நேரம் அதை வைத்திருந்தாள். பழனி முதலில் சுவரோரம் நின்றான். பிறகு கிட்டே வந்து தன் சுண்டுவிரலை அந்தக் கைக்குள் வைத்தான். கை அந்த விரலின் நகத்தளவுதான் இருந்தது. கவியா அழுதாள், குழந்தையின் மூக்கு பழனி மூக்கு என்றாள், மறுபடி அழுதாள். பிறகு அவளாகவே, போதும், எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். குப்பம்மாதான் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

நதியா மறுநாள் பத்து மணி பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தாள். அர்ச்சுனன் களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தான். முனியம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. தமிழ்மணி பள்ளிக்கூடம் போயிருந்தாள். சோற்றுப் பாத்திரத்தைக் களத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு, நதியா நடந்ததையெல்லாம் சொன்னாள். சாதாரணமாக அவள் வேலையிடத்துப் பேச்சை அவன் காதில் வாங்கிக்கொண்டே தன் வேலையைச் செய்வான். பழனி சுண்டுவிரலை வைத்ததைச் சொன்னபோது கையிலிருந்த கோலைக் கீழே போட்டான்.

போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தான். தானும் வைத்திருந்ததாகச் சொன்னான். நதியாவுக்கு முதலில் புரியவில்லை.

அவன் சொன்னான். அந்த ஒரு நாளும் அவன்தான் குழந்தையோடு இருந்தான். கண்ணாடிப் பெட்டியின் துவாரத்தில் கைவிட்டுத் தொட்டுக்கொண்டிருக்கலாம் என்று நர்சு சொல்லியிருந்தார். விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டதாம். முகம் எப்படி இருந்தது என்று நதியா கேட்டாள். தலை பெரிசு, ஆனால் முகம் சின்னது என்றான். நெற்றி அவளுடைய நெற்றி. மேலுதடு கொஞ்சம் எடுப்பாக இருக்கும். அழும்போது சத்தம் வராது, உதடு மட்டும் கோணும். இடது காதில் ஒரு மடிப்பு. இவ்வளவையும் அவன் தயங்காமல் சொன்னான், நேற்றுப் பார்த்தவன் மாதிரி.

"காலைல குடுத்தாங்க. அம்மா உன்னோட இருந்துச்சு. நான் ஒருத்தன்தான். போளூர்ல பஸ் ஏறினேன். செத்த கொழந்தன்னு தெரிஞ்சா ஏத்த மாட்டாங்கன்னு பயந்துக்கினு துண்டுல சுத்தி மார்ல சாச்சிக்கினேன். பக்கத்துல ஒரு அம்மா வந்து குந்துச்சு. கொழந்த தூங்குதான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். பொண்ணான்னுச்சு. ஆமான்னேன். பேரு இன்னான்னு கேட்டுச்சு."

அவன் சாமைத் தாளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஒடித்துக்கொண்டிருந்தான்.

"ரம்யான்னேன். நெனச்சு வெக்கல. வாய்ல வந்துச்சு. நல்ல பேரு, அழவே மாட்டேங்குதே, சமத்துன்னுச்சு அந்த அம்மா. அடிவாரத்துல எறங்கிப் போய்டுச்சு."

நதியா அழவில்லை. அழுகை வராத அளவுக்கு அவளுக்குக் கோபம் வந்தது.

"பதினஞ்சு வருசமா எம்பொண்ணு பேரு உனக்குத் தெரிஞ்சிருக்குது. பஸ்ல போன எவளோ ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்குது. எனக்குத் தெரியல."

சொன்னால் உனக்கு இன்னும் வலிக்கும் என்று அம்மா சொல்லிவிட்டாள், அப்புறம் நாளாகிவிட்டது, நாளானதால் சொல்ல முடியவில்லை என்றான் அர்ச்சுனன். அவள் சோற்றுப் பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

பன்னிரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. அந்த நாட்களில் அவள் கவியாவைப் பார்க்க மூன்று முறை போனாள். கவியாவுக்குப் பால் கட்டியிருந்தது. சில நாள் எழுந்து நடமாடினாள், சில நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழந்தையின் மூக்கைப் பற்றிக் குப்பம்மாவிடமே பேசினாள். குப்பம்மாவும், ஆமாம், நம்ம வூட்டு மூக்கு என்றாள். பார்த்ததால் கவியாவின் துக்கம் குறைந்துவிட்டது என்று நதியா யாரிடமும் சொல்லவில்லை. எதற்காக அழுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இன்னொரு குழந்தையைப் பற்றிக் கவியா இதுவரை பேசவில்லை. நதியாவும் மாத்திரைப் பட்டையை இன்னும் எடுத்து நீட்டவில்லை.

பதிமூன்றாம் நாள் நதியா அர்ச்சுனனிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் காது மடிப்பு மேலேயா, கீழேயா? மேலே என்றான். இரண்டு நாள் கழித்து இன்னொன்று கேட்டாள், முடி இருந்ததா என்று. இப்படித் துண்டு துண்டாகத்தான் அவள் கேட்டாள். களையெடுக்கும்போது ஒன்று, புளி உலுக்கும்போது ஒன்று. சிலதுக்கு அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது. கண்ணின் நிறம் தெரியவில்லை, அது கண்ணைத் திறக்கவே இல்லை. அவன் பதில் சொல்லும்போது சில நேரம் கைவேலையை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவான். அவள் காத்திருப்பாள். இத்தனை காலமும் தான் ஒருத்தி மட்டும் ஏந்திக்கொண்டிருப்பதாக நினைத்ததை அவனும் ஏந்திக்கொண்டிருந்திருக்கிறான் என்று கோபத்தின் ஊடே அவளுக்குத் தெரியத் தொடங்கியது. கோபம் அதனால் போய்விடவில்லை. அதன் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

தமிழ்மணியிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார்கள். உனக்கு ஒரு அக்கா இருந்தாள், பேர் ரம்யா. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று அப்பாவைக் கேட்டாள். 

தை மாசம் ஒரு காலை அர்ச்சுனன் நதியாவை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஊருக்கு மேற்கே, ஓடையைத் தாண்டி ஏறுகிற சரிவு. வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே போய் நின்றுவிட்டு வருவானாம். மூன்று கல் வைத்திருந்தானாம். நாலைந்து வருஷம் முன்பு வனத்துறைக்காரர்கள் அங்கே மரக்கன்று நடக் குழி எடுத்தபோது கற்கள் புரண்டு, எது எது என்று தெரியாமல் போய்விட்டது. உண்ணிச்செடி புதராக மண்டியிருந்தது. ஒரு வேங்கைமரத்துக்கும் பாறைக்கும் நடுவில் என்று காட்டினான். இந்தப் பக்கமாகவும் இருக்கலாம் என்று இரண்டடி தள்ளி நின்றான். அப்புறம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்தான். அவனுக்கே உறுதியில்லை.

நதியா, பரவாயில்லை, விடு என்றாள். பாறைமேல் உட்கார்ந்தாள். அன்றைக்கு மழை பெய்ததா என்று கேட்டாள். தூறல்தான், மண் இளகியிருந்தது, சின்னக் களைக்கொத்தே போதுமாக இருந்தது என்றான். துண்டோடு வைத்தாயா என்று கேட்டாள். துண்டோடுதான் என்றான். குளிருமே என்று நினைத்தேன் என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்தாள். கல்யாணமான புதிதில் கூட அவர்கள் வெளியிடத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை. சரிவுக்குக் கீழே யாரோ மாடு ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் பார்வையில் படுவதைப் பற்றி இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை.

வெயில் ஏறியதும் இறங்கினார்கள். அன்று மதியம் அடுத்த ஊரில் ஒன்பது மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ரத்தக்கொதிப்பு பார்க்கவேண்டியிருந்தது. நதியா வீட்டுக்குப் போகாமல் ஓடையிலேயே முகம் கழுவிக்கொண்டு, அந்தப் பக்கமாக நடந்தாள். அர்ச்சுனன் பாதி வழி வரை கூட வந்தான்.